பழைய வானொலி உரையாடலைத் திரும்பக் கேட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒலிபரப்பான கையோடு காற்றில் போய்விடும் என்ற நினைப்பில்தான் வானொலியில் பெரும்பாலோர் பேசினார்கள். ஒலிநாடா விலை அதிகம். ஒரு நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவது பல நிலையங்களில் சாதாரண நடைமுறை. அதில் தப்பியவை இன்று கைபேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1948-ல் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பேசியதைக் கேட்கலாம். 1961-ல் சிகாகோவில் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பேசியதையும் கேட்கலாம்.

ஆக, கிடைப்பதில் சிக்கல் இல்லை. நாம் கேட்கும் விதத்தில்தான் சிக்கல். பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஒரு வாரம் கழித்து யாராவது கேட்டால், பேசியவர் பெயரைத் தவிர எதுவும் நினைவில் இருக்காது. செய்திக்கும் கிரிக்கெட் வர்ணனைக்கும் அது போதும். வாழ்க்கை, சமூகம், மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றியெல்லாம் இருவர் உட்கார்ந்து பேசியதற்கு அது போதாது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பதிலை முதல் தடவையிலேயே கேட்டுவிடுகிறோம், திரும்பக் கேட்பது கேள்விக்காக. ஒருவரைப் பேச வைத்தது எது, எந்த இடத்தில் அவர் நழுவினார், கேள்வி கேட்டவர் எங்கே விட்டுக்கொடுத்தார் என்பதெல்லாம் இரண்டாம் தடவையில்தான் காதில் விழும்.

படி 1: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பத்து நிகழ்ச்சிகளைப் பட்டியல் போட்டு வைப்பவர்கள் ஒன்றையும் இரண்டாம் முறை கேட்பதில்லை. ஒன்றை மட்டும் எடுங்கள். எங்கே தேடலாம் என்பதற்கு நான் நம்பிப் போகும் சில இடங்கள் இவை.

முதலில் ஸ்டட்ஸ் டெர்கல். சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. நிலையத்தில் 1952-லிருந்து 1997 வரை, 45 ஆண்டுகள் நேர்காணல் செய்தவர். மார்ட்டின் லூதர் கிங், சிமோன் த பொவ்வார், முகமது அலி, இருபத்திரண்டு வயதுகூட ஆகாத பாப் டிலன் என்று அவர் முன்னால் உட்காராதவர்கள் குறைவு. அதே அக்கறையோடு ஆலைத் தொழிலாளியிடமும் உணவகப் பணிப்பெண்ணிடமும் பேசினார். மொத்தம் 5,600-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். நாடாக்கள் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் உதவியோடு அவற்றை டிஜிட்டலாக்கி, 2018-ல் தனி இணையதளமாகவே திறந்துவிட்டார்கள். பெயரை வைத்தும் தேடலாம், தலைப்பை வைத்தும் தேடலாம். நான் ஒரே ஓர் இடத்தைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து பிபிசி வானொலி ஆண்டுதோறும் ஓர் அறிஞரை அழைத்து நடத்தும் ரீத் உரைகள். 1948-ல் ரஸ்ஸலோடு தொடங்கியது. பழையவை வெறும் உரைகள். எழுதி வந்ததை ஒலிவாங்கி முன்னால் வாசித்திருப்பார்கள். பிற்பாடு பார்வையாளர்களை அழைத்து, உரை முடிந்ததும் கேள்வி நேரம் வைத்தார்கள். அந்தக் கேள்வி நேரம்தான் நமக்கு வேண்டியது. தமிழ் வாசகர்களுக்கு நல்ல தொடக்கம் 2003-ஆம் ஆண்டுத் தொடர். பேசியவர் மூளையியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஐந்து உரைகளில் ஒன்றைச் சென்னையிலேயே நிகழ்த்தினார். கையை இழந்தவருக்கு இல்லாத கை ஏன் வலிக்கிறது, பெற்ற தாயைப் பார்த்து "இவள் என் அம்மா இல்லை, அம்மா மாதிரி வேஷம் போட்டவள்" என்று ஒரு நோயாளி ஏன் சொல்கிறார் என்பது போன்ற சங்கதிகளிலிருந்து 'நான்' என்பது என்ன என்ற கேள்வி வரை போகிறார். ரீத் உரைகளுக்கு எழுத்து வடிவமும் கிடைப்பது கூடுதல் வசதி.

பிபிசியின் 'டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சி 1942 ஜனவரியில் தொடங்கி இன்றும் ஓடுகிறது. ஆளில்லாத தீவில் தனியே மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளை எடுத்துப் போவீர்கள் என்பதுதான் கேள்வி. கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் "இந்தப் பாட்டு ஏன்?" என்று கேட்டவுடன் மனிதர்கள் அம்மாவைப் பற்றி, முறிந்த திருமணத்தைப் பற்றி, போரில் செத்த தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மெல்வின் பிராக் பிபிசியில் 1998-லிருந்து 2025 வரை நடத்திய 'இன் அவர் டைம்' வேறு ரகம். மூன்று பேராசிரியர்கள், ஒரு தலைப்பு, முக்கால் மணி நேரம். தத்துவம், சமூகவியல், உளவியல் வரலாறு எல்லாம் உண்டு. இதைப் பாட்காஸ்டில் கேட்டால் ஒரு லாபம்: ஒலிபரப்பு முடிந்த பிறகு, "எதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம்?" என்று விருந்தினர்கள் பேசிக்கொள்ளும் சில நிமிடங்களையும் சேர்த்துத் தருகிறார்கள். நேரலையின் இறுக்கம் தளர்ந்து, அதுவரை மரியாதையாக ஒத்துப்போனவர்கள் லேசாக முட்டிக்கொள்வது அங்கேதான். கடைசியில் தயாரிப்பாளர் உள்ளே வந்து டீ வேண்டுமா, காபி வேண்டுமா என்று கேட்பார்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. பிபிசி சவுண்ட்ஸ் செயலி 2025 ஜூலையிலிருந்து பிரிட்டனுக்கு வெளியே கிடையாது. இந்த நிகழ்ச்சிகளைப் பொதுவான பாட்காஸ்ட் செயலிகளில் பெயரிட்டுத் தேடுங்கள்.

தேர்வுக்கு ஒரு சின்ன விதி வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஆளின் நேர்காணலை முதலில் எடுக்காதீர்கள். பிடித்தவர் பேசும்போது தலையாட்டிக்கொண்டே இருப்போம். காது வேலை செய்யாது.

படி 2: செயலியின் அமைப்பைப் பாருங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் பாதி விஷயம் இங்கேதான் கெடுகிறது. பல பாட்காஸ்ட் செயலிகளில் மௌனத்தை வெட்டும் வசதி இருக்கிறது. 'ட்ரிம் சைலன்ஸ்', 'ஸ்மார்ட் ஸ்பீட்' என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். பேச்சுக்கு நடுவே வரும் இடைவெளிகளைச் செயலியே சுருக்கிவிடும். நேரம் மிச்சமாகிறது என்று ஒருமுறை போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். முதலில் அதை அணையுங்கள்.

"உங்கள் அப்பா உங்களை அடித்ததுண்டா?" என்ற கேள்விக்கு ஒருவர் உடனே "இல்லை" என்று சொல்வதும், நான்கு விநாடி கழித்து "இல்லை" என்று சொல்வதும் ஒன்றல்ல. அந்த நான்கு விநாடியை முக்கால் விநாடியாக்கிவிட்டால் நீங்கள் கேட்டது வேறொரு நேர்காணல். வேகத்தையும் ஒன்றிலேயே வையுங்கள். ஆங்கிலம் பழக்கமில்லை என்றால் 0.9-க்குக் குறைக்கலாம், கூட்ட வேண்டாம்.

பழைய பதிவுகளில் நாடாவின் இரைச்சல் இருக்கும். அதற்காகக் குரலைத் தூக்கிக் காட்டும் அமைப்பைப் போட்டால் மூச்சுச் சத்தம், காகிதம் புரளும் சத்தம், சிகரெட் பற்றவைக்கும் சத்தம் எல்லாம் சிதைந்துவிடும். இரைச்சலுக்குப் பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். சாதாரண வயர் இயர்ஃபோன் போதும்.

படி 3: முதல் தடவை சும்மா கேளுங்கள்

நோட்டு வேண்டாம், பேனா வேண்டாம். இடையில் நிறுத்தி விக்கிபீடியா பார்க்கவும் வேண்டாம். நடந்துகொண்டே கேட்கலாம், ஆனால் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு கேட்பது கேட்பதாகாது.

முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்தப் பேச்சில் எனக்கு எந்த இடத்தில் ஏதோ உறுத்தியது? காரணம் தெரியவேண்டியதில்லை. "பதினெட்டாவது நிமிடம், திருமணத்தைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார்" என்று இருந்தால் போதும். பிறகு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

படி 4: தேதியைத் தேடுங்கள்

இந்த இடைவெளியில் செய்யவேண்டிய வேலை இது. அந்த உரையாடல் எந்த ஆண்டு, எந்த மாதம் நடந்தது? பேசியவர் அப்போது யார்? கேள்வி கேட்டவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்?

கேள்வி கேட்டவரைப் பற்றி நாம் பெரும்பாலும் தேடுவதே இல்லை. டெர்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சட்டம் படித்தவர், நடிகர், 1950 வாக்கில் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சியே வைத்திருந்தார். கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு என்று சந்தேகப்பட்டவர்களை அமெரிக்கா வேட்டையாடிய நேரம். முன்பு சில மனுக்களில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதெல்லாம் தெரியாமல் போட்டது என்று சொல்லச் சொன்னார்கள், அவர் மறுத்தார். நிகழ்ச்சி போனது, பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. அதன் பிறகுதான் ஒரு சிறிய எஃப்.எம். நிலையத்தில் வந்து உட்கார்ந்தார். இது தெரிந்த பிறகு, ஒரு தொழிற்சங்கக்காரரிடமோ கறுப்பின எழுத்தாளரிடமோ அவர் பேசும்போது குரலில் இருக்கும் நெருக்கம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

இன்னொரு விஷயமும் தேதியோடு ஒட்டியது: அந்தக் காலத்தில் 'உரையாடல்' என்பது உண்மையிலேயே உரையாடல்தானா? 'டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' தொடங்கியது போர்க்காலத்தில், தணிக்கை இருந்த காலத்தில். அதை நடத்திய ராய் ப்ளாம்லியும் விருந்தினரும் முன்கூட்டியே எழுதி வைத்ததைத்தான் ஒலிவாங்கி முன் இயல்பாகப் பேசுவதுபோல வாசித்தார்கள். சிரிப்புகூட எழுதிவைத்ததாக இருக்கலாம். அத்தகைய பதிவில் தயக்கத்தையும் தடுமாற்றத்தையும் வைத்து மனதைப் படிக்கப் பார்ப்பது வீண்வேலை. (ப்ளாம்லி காலத்துப் பதிவுகளில் பெரும்பகுதி காப்பாற்றப்படவே இல்லை. 2022-ல் ஒரு சேகரிப்பாளரிடம் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை கிடைத்தது பெரிய செய்தியானது. எங்கோ ஒருவர் வீட்டில் வானொலியிலிருந்து பதிந்து வைத்ததால் பிழைத்தவை!)

அதனால் எழுதி வாசித்ததா, நேரலையா, பதிந்து வெட்டியதா என்று பார்த்துவிடுங்கள். வெட்டியது என்றால் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான நேரத்தை அதிகம் நம்பாதீர்கள்.

படி 5: இரண்டாம் தடவை, கேள்விகளை மட்டும் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, கேள்வி கேட்டவர் பேசியதை மட்டும் எழுதுங்கள். பதில் எதுவும் வேண்டாம். பக்கத்தில் நிமிடத்தைக் குறியுங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கேள்விகள் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எழுதி முடித்து அதை மட்டும் வாசித்துப் பாருங்கள்; கேட்டவரின் மனம் எங்கிருந்து எங்கே போனது என்பது தெரியும்.

ஜேம்ஸ் பால்ட்வினோடு டெர்கல் 1961-ல் பேசியதை வைத்துக் காட்டுகிறேன். பால்ட்வின் அப்போது முப்பதுகளின் இறுதியை நெருங்கும் கறுப்பின எழுத்தாளர். கட்டுரைத் தொகுப்பு ஒன்று அப்போதுதான் வந்திருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்தவர்கள் அடிபட்டுக்கொண்டிருந்த ஆண்டு. யாராக இருந்தாலும் முதல் கேள்வியாக என்ன கேட்பார்கள்? இனப்பிரச்சினை தீருமா, நீக்ரோக்கள் என்ன விரும்புகிறார்கள் (அன்றைய சொல் அதுதான்) என்று ஏதாவது கேட்டிருப்பார்கள்.

டெர்கல் ஒன்றுமே கேட்கவில்லை. ஓர் இசைத்தட்டைப் போடுகிறார். பெஸ்ஸி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி, வெள்ளத்தில் வீடிழந்த ஒருத்தியாகப் பாடும் ப்ளூஸ் பாட்டு. பாட்டு முடிந்ததும் இதைக் கேட்கையில் உங்களுக்குள் என்ன தோன்றுகிறது என்ற பொருளில் ஒரு சின்னக் கேள்வி, அவ்வளவுதான்.

அந்த உணர்வைச் சொல்வது கடினம் என்று தொடங்குகிறார் பால்ட்வின். தன்னைக் கிட்டத்தட்டக் கொன்றுபோட்ட ஒரு பேரழிவைப் பற்றிப் பாடும் பெண், அதை ஏற்றுக்கொண்டு அதையும் தாண்டிப் போகிறாள் என்பது தன்னைத் தாக்கியதாகச் சொல்கிறார். பிறகு பேச்சு தானாக விரிகிறது. அந்தப் பாட்டை அவர் ஒழுங்காகக் கேட்டது சுவிட்சர்லாந்தில், சுற்றிலும் பனியும் வெள்ளை முகங்களுமாக இருந்த ஒரு மலைக்கிராமத்தில். கையில் ஒரு தட்டச்சுப்பொறி, பெஸ்ஸி ஸ்மித் இசைத்தட்டுகள், முடியாத முதல் நாவல். அமெரிக்காவில் இருந்தவரை அந்தப் பாடகியைக் கேட்கவே கூச்சம். வெள்ளையர்கள் கறுப்பர்களைப் பற்றி வைத்திருந்த கேலிச்சித்திரத்துக்குள் தானும் போய் விழுந்துவிடக்கூடாது என்பதால், தர்பூசணி சாப்பிடுவதைத் தவிர்த்ததைப்போல அதையும் தவிர்த்தவர். சின்ன வயதில் தான் பேசிய பேச்சின் தாளத்தை அந்தக் குரல் வழியாகத்தான் மீட்டெடுத்தாராம்.

'உங்களைப் பற்றி நீங்களே வெட்கப்பட்டதுண்டா?' என்று நேராகக் கேட்டிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது. கேள்வித் தாளில் நீங்கள் எழுதியிருப்பது "ஒரு பாட்டு. பிறகு: என்ன தோன்றுகிறது?" என்ற ஒன்றரை வரி. பதிலோ வெட்கம், மொழி, தாய்நாடு, தொழில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டது. இது முதல் தடவையில் தெரியாது. அப்போது பால்ட்வின் குரலில் மயங்கிக் கிடப்போம், நியாயம்தான்.

நிகழ்ச்சியின் முடிவில் டெர்கல் கேட்பது, இப்போது நீங்கள் யார் என்று. நேர்மையானவனாகவும் நல்ல எழுத்தாளனாகவும் இருக்க விரும்புகிறேன், விரும்பியதாக யாராவது ஆகமுடிகிறதா தெரியவில்லை என்கிற மாதிரி பதில் வருகிறது. இதே கேள்வியை முதல் நிமிடத்தில் கேட்டிருந்தால் அபத்தமாக இருந்திருக்கும். ஒரு மணி நேரம் அதற்கான தகுதியைச் சம்பாதித்துவிட்டுத்தான் கேட்கிறார்.

உங்கள் தாளில் கேள்விகளுக்குப் பக்கத்தில் மூன்று வகைக் குறி போடலாம். ஏற்கெனவே தயாரித்து வந்த கேள்வி. அந்த நொடியில் கேட்ட பதிலிலிருந்து பிறந்த கேள்வி. கேள்வியே இல்லாமல் சும்மா "ம்" கொட்டியது. டெர்கல் புத்தகத்தில் வரிக்கு வரி கோடு போட்டுப் படித்துவிட்டு வருபவர், எழுதியவருக்கே அவருடைய பத்தியைப் படித்துக் காட்டுவார். சில நேரம் அதிகமாகவே பேசிவிடுவார், எரிச்சல்கூட வரும். ஆனாலும் இரண்டாம் வகைக் கேள்விகள் அவரிடம் நிறைய. நம் ஊர்த் தொலைக்காட்சி நேர்காணல் ஏதாவது ஒன்றுக்கு இதே குறியைப் போட்டுப் பாருங்கள். முதல் வகை மட்டுமே இருக்கும் பக்கங்களைப் பார்த்து உங்களுக்கே சிரிப்பு வரும்.

படி 6: பின்னால் தெரியவந்ததை என்ன செய்வது?

பழைய உரையாடலைக் கேட்கும் நமக்கு, அன்று அறையில் இருந்தவர்களுக்குத் தெரியாதது தெரியும். இது பலம்தான், ஏமாற்றவும் செய்யும்.

ஐரிஷ் மனநல மருத்துவர் ஆன்டனி கிளேர் 1982-லிருந்து 2001 வரை பிபிசி ரேடியோ 4-ல் நடத்தியது 'இன் த சைக்கியாட்ரிஸ்ட்ஸ் சேர்'. பிரபலங்களை உட்கார வைத்து, சிகிச்சை அறையின் பொறுமையோடு பேசுவார். 1985-ல் புகழ்பெற்ற மனநல மருத்துவர் ஆர்.டி. லெய்ங் வந்து, தன் குடிப்பழக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்புக்கொண்டார். மற்றவர்களின் மனதைப் படித்தவர் தன் மனதைத் திறந்த அந்த நிகழ்ச்சி அன்றே பரபரப்பானது.

1991-ல் வந்தவர் ஜிம்மி சாவில். தொலைக்காட்சி நட்சத்திரம், மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டிக் கொடுத்த கொடையாளி, முந்தைய ஆண்டுதான் 'சர்' பட்டம் வாங்கியவர். உணர்வுகளைப் பற்றிக் கிளேர் கேட்கும்போதெல்லாம் நழுவுகிறார். சாவில் 2011-ல் இறந்தார். அடுத்த ஆண்டு, குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரை அவர் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்தியது வெளியே வந்தது. நாடே அதிர்ந்தது. அதன்பின் அந்த உரையாடலை மீண்டும் எடுத்தவர்களுக்கு ஒவ்வொரு வரியும் வேறாகக் கேட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மனிதரிடம் ஏதோ சில்லிடவைக்கும் ஒன்று இருப்பதாகக் கிளேர் அன்றே எழுதியிருந்தார். அவருக்குக் குற்றம் தெரியாது, ஆதாரமும் இல்லை. கேள்விக்கு ஒருவர் எப்படிப் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்பதை மட்டும் கேட்டு அங்கே வரை போயிருக்கிறார்.

ஏமாற்றும் பக்கம் எது? எல்லாம் தெரிந்த பிறகு கேட்கும் நாம், "எனக்கு அப்பவே தெரியும்" என்ற மிதப்புக்கு எளிதில் போய்விடுவோம். அதற்கு ஒரு தடுப்பு: தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம், அன்று அந்த அறையில் இருந்த ஒருவரால் கவனித்திருக்க முடிந்தது. வலப்பக்கம், இன்றைய அறிவால் எனக்குப் படுவது. இடப்பக்கத்தில் எழுதமுடிந்ததற்குத்தான் மதிப்பு. வலப்பக்கம் நிரம்பிவழிந்து இடப்பக்கம் காலியாக இருந்தால், நீங்கள் உரையாடலைக் கேட்கவில்லை, தீர்ப்பைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

மறுபக்கமும் உண்டு. அன்று சாதாரணமாகப் பேசப்பட்ட பல விஷயங்கள், பெண்களைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ, இன்று கேட்டால் சுருக்கென்று தைக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம், அதோடு நிகழ்ச்சியை மூடிவிடவும் வேண்டாம். அந்த அறையில் யாராவது அதற்கு முகம் சுளித்தார்களா என்று பாருங்கள். சில நேரம் சுளித்திருப்பார்கள்.

படி 7: எழுத்து வடிவத்தைக் கடைசியில் திறங்கள்

டெர்கல் காப்பகத்தில் பல நிகழ்ச்சிகளுக்கு எழுத்து வடிவம் உண்டு. ஆங்கிலப் பாட்காஸ்ட்களுக்குச் சில செயலிகள் தானே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. நிமிடத்தைத் தேட, புரியாத பெயரைச் சரிபார்க்க இது பெரிய உதவி. இரண்டு தடவை கேட்பதற்கு முன்னால் இதைப் படிப்பது உபத்திரவம். எழுத்தில் எல்லா வாக்கியமும் ஒரே எடையில் நிற்கும். இயந்திரம் எழுதியதில் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் தாறுமாறாக இருக்கும், அதை அப்படியே மேற்கோளாக எடுத்து முகநூலில் போட்டுவிடாதீர்கள்.

படி 8: தமிழில் தேடுவது

இங்கே நிலைமை கொஞ்சம் வருத்தம்தான். சென்னை வானொலி 1938-லும் திருச்சி 1939-லும் தொடங்கின. எத்தனை எழுத்தாளர்கள், விவசாயிகள், மருத்துவர்கள் அந்த ஒலிவாங்கிகள் முன் பேசியிருப்பார்கள்! ஆனால் டெர்கல் காப்பகம் மாதிரிப் பெயர் போட்டு, தலைப்பு போட்டுத் தேடி எடுக்கும் வசதி நமக்கு வாய்க்கவில்லை. அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதியின் யூடியூப் அலைவரிசைகளில் துண்டு துண்டாகத் தேடவேண்டியிருக்கிறது. 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுபோனது.

எளிதாகக் கிடைப்பது தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்'. நேயர்களே பதிந்து ஏற்றியவை யூடியூபில் ஏராளம். கறாராகப் பார்த்தால் அது உரையாடல் இல்லை, ஒருவர் மட்டும் பேசுவது. ஆனால் மனித சுபாவத்தைப் பற்றி அதைவிட நெருக்கமாகத் தமிழ் வானொலியில் பேசியவர் யார்? கேள்விகளை எழுதும் ஐந்தாம் படியை இங்கேயும் செய்யலாம். அவர் ஒரு தகவலைச் சொல்லிவிட்டு, ஏற்ற இறக்கமே இல்லாத அந்தக் குரலில் கடைசியாக ஒரு குட்டிக் கதை சொல்வார். நாம் சிரிப்போம், அவர் சிரிக்கமாட்டார். தகவலுக்கும் கடைசிக் கதைக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். சிலவற்றில் கதை, தகவலைக் கேலி செய்வது இரண்டாம் தடவைதான் உறைக்கும்.

நேர்காணல்தான் வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகள் பாட்காஸ்டாகக் கிடைக்கின்றன. புலம்பெயர்ந்த வாழ்க்கை, முதுமை, குடும்பம் பற்றி எழுத்தாளர்களும் மருத்துவர்களும் சாதாரண மனிதர்களும் பேசியவை உண்டு.

இதையெல்லாம்விட முக்கியமான இடம் உங்கள் வீட்டுப் பரண். எழுபது, எண்பதுகளில் டேப்ரிக்கார்டர் வாங்கிய வீடுகளில் யாராவது ஒருவர், பெரியப்பாவோ சித்தியோ, வானொலியிலிருந்து பிடித்ததைப் பதிந்து வைத்திருப்பார். சினிமாப் பாட்டு என்று எழுதிய கேசட்டின் கடைசியில் ஒரு வானொலிப் பேட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்கும் முறை:

கேசட்டை நேராகப் போட்டு ஓடவிடாதீர்கள். பல வருடம் சும்மா கிடந்த நாடா சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கும். ஒருமுறை முழுவதும் முன்னால் ஓட்டி, மீண்டும் பின்னால் சுற்றுங்கள். டேப்ரிக்கார்டரில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டைப் பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினியில் ஒலியை உள்வாங்கும் லைன்-இன் துளைக்கு ஒரு கேபிள், கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் தேவை. சத்தம் சிவப்புக் கோட்டைத் தொடாத அளவுக்கு ஒலியை வைத்து, மோனோவில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். 60 நிமிடக் கேசட் ஒன்றுக்குச் சுமார் 320 எம்.பி. ஆகும். எம்.பி.3 பிரதியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் வசதியையும் மூலக் கோப்பில் கைவைக்காமல் பிரதியில் மட்டும் முயலுங்கள்.

60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம்தான். பேச்சு நடுவில் அறுந்து, கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரம் போக மறுபக்கத்தில் தொடரும். அந்த இடத்தைக் கோப்பின் பெயரிலேயே குறித்துவையுங்கள். தேதி தெரியாவிட்டால் முன்னும் பின்னும் கேளுங்கள். நேர அறிவிப்பு, செய்தித் துணுக்கு, அடுத்த நிகழ்ச்சியின் பெயர் ஏதாவது மாட்டும். யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் வீட்டுக்குள் மட்டும். நிகழ்ச்சியின் உரிமை வானொலிக்குரியது. பொதுவெளியில் ஏற்றுவதற்கு முன் அனுமதி கேட்பதுதான் முறை.

படி 9: மூன்றாவது தடவை, துணையோடு

மூன்றாம் தடவை முழுதாகக் கேட்கவேண்டாம். முதல் நாள் உறுத்திய இடத்தையும் கேள்வித்தாளில் குறி விழுந்த ஓர் இடத்தையும் சேர்த்து, பத்து நிமிடம் மட்டும். கூட ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட இருபது வயது மூத்தவராகவோ இளையவராகவோ இருந்தால் நல்லது. ஓடவிடும் முன் எதையும் விளக்காதீர்கள். முடிந்ததும் "உங்களுக்கு எப்படிப் பட்டது?" என்பதைவிட, "நீங்களாக இருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பீர்கள், அத்தை?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "நல்லா இருந்துச்சுப்பா" என்றுதான் வரும். இரண்டாவதற்கு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கேட்டவர் கேட்கத் துணியாத ஒன்றை அவர் கேட்பார். அதையும் தாளில் எழுதிவிடுங்கள், நிமிடத்தோடு.